கோயம்புத்தூர் லாரி

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டாமல் மன்னார்குடி போனவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், காலில் விழுந்து கும்பிடுகிறேன். நான் மாட்டியது காலை 8 மணிக்கு. எனக்கு முன்னால் இரண்டு பஸ், வைக்கோல் கட்டு ஏற்றிய ஒரு டிராக்டர், வாழைத்தாரோடு ஒரு டிவிஎஸ் எக்ஸெல், ஒரு பள்ளிக்கூட வேன். ஒரு ரயில் போனது. கேட் திறக்கவில்லை. ஒரு எஞ்சின் மட்டும் தனியாக வந்து, எங்களை எல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனது. அப்போதும் திறக்கவில்லை.

“இந்த கேட்டுல நின்னு ரெண்டு பேரு சம்பந்தமே பேசி முடிச்சிருக்காங்க தம்பி” என்றார் எக்ஸெல்காரர்.

சைக்கிள்காரனுக்கு ஒரு சலுகை உண்டு. கேட்டுக்குக் கீழே குனிந்து நுழைந்துவிடலாம். உள்ளூர்க்காரர்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். நான் செய்யவில்லை. நேர்மையெல்லாம் ஒன்றும் இல்லை. கேரியரின் இரண்டு பக்கமும் பை தொங்கும் வண்டியைச் சாய்த்தால் நிமிர்த்துவதற்கு இன்னொரு ஆள் வேண்டும். அதனால் நின்றேன். நின்றால் கேள்வி வரும்.

கோயம்புத்தூரிலிருந்து கிளம்பி அது நாலாவது நாள். கரூர் வந்து, அங்கிருந்து பெரும்பாலும் காவிரியை ஒட்டியே திருச்சி, கும்பகோணம் என்று வந்தாயிற்று. அன்றைக்கு வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம். 100 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அங்கிருந்து கடற்கரைச் சாலையைப் பிடித்துக் கன்னியாகுமரி வரை போவதாகத் திட்டம். இந்த நாலு நாளில் ஒன்று தெரிந்துகொண்டேன். எந்த ஊரிலும் கேள்விகள் ஒரே வரிசையில்தான் வருகின்றன. எங்கேருந்து? எங்க? தனியாவா? வண்டி என்ன விலை? கியர் எத்தன? கல்யாணம் ஆயிருச்சா? இதெல்லாம் முடிந்த பிறகுதான் உண்மையான கேள்வி.

“வேண்டுதலா?”

“இல்லைங்க.”

“விழிப்புணர்வா?”

“இல்லைங்க.”

“சாதனை எதும் பண்றியளா?”

“அதுவும் இல்லைங்க. சும்மா ஓட்டிப் பாக்கலாம்னு.”

பஸ் ஜன்னலில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, “வீட்டுல எதும் சண்டையா தம்பி?” என்றார். நான் சிரித்ததை அவர் நம்பவில்லை. எக்ஸெல்காரர் ஒன்றும் சொல்லாமல் தாரிலிருந்து நாலு பழத்தைத் திருகி என் ஹேண்டில்பார் பையில் போட்டார். சண்டை போட்டு வந்தவனுக்கும் பசிக்கும்தானே.

(வண்டி விலையை நான் எப்போதும் 9,000 என்றுதான் சொல்வேன். உண்மை விலை 38,000. அதைச் சொன்னால் அதற்குப் பிறகு பேச்சு வேறு மாதிரி ஆகிவிடுகிறது. முதல் நாள் ஒரு டீக்கடையில் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். டீ வந்தது, பேச்சு நின்றுவிட்டது.)

இந்த வழியைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1930 ஏப்ரல் 13ஆம் தேதி ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்த பாதை ஏறக்குறைய இதுதான். 28ஆம் தேதி போய்ச் சேர்ந்தார்கள். 15 நாள், 150 மைல், சித்திரை வெயில். பள்ளிக்கூடத்தில் படித்தது இவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் படிக்காத ஒரு செய்தியைப் பிறகு தெரிந்துகொண்டேன். அப்போது தஞ்சாவூர் கலெக்டராக இருந்த தார்ன் ஓர் உத்தரவு போட்டார். நடந்து வருகிறவர்களுக்குச் சோறு போட்டாலோ, தங்க இடம் கொடுத்தாலோ தண்டனைச் சட்டப்படி ஆறு மாதம் உள்ளே போக வேண்டும். தமிழில் அச்சடித்து ஊர் ஊராகப் பரப்பினார்கள். ஜனங்கள் என்ன செய்தார்கள் என்றால், சோற்றைப் பொட்டலமாகக் கட்டி, தொண்டர்கள் வரும் பாதையில் மரக்கிளைகளில் தொங்கவிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கட்டியது யார் என்று மரத்திடமா விசாரிக்க முடியும்?

நான் பார்த்தவரை இப்போது அந்தச் சாலையில் மரங்கள் குறைவு. பொங்கல் முடிந்து பத்து நாள் ஆகியிருந்ததால் சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. மன்னார்குடி தாண்டியதும் ரோட்டில் பாதி நெல்லுக்குப் போய்விடுகிறது. தார் ரோட்டின் ஒரு பக்கம் முழுக்க நெல்லைப் பரப்பி, ஓரத்தில் கல்லை வரிசையாக வைத்துவிடுகிறார்கள். கல்லுக்கு இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் நெல். எதிரே பஸ் வந்தால் இறங்கி நிற்க வேண்டியதுதான். கொள்முதல் நிலையங்களின் வாசலில் தார்ப்பாய் போட்டு மூடிய நெல் குவியல்கள், பக்கத்தில் கயிற்றுக் கட்டில்களில் காவலுக்குப் படுத்திருக்கும் விவசாயிகள். “எத்தன நாளா இருக்கீங்க?” என்று ஒருவரைக் கேட்டேன். “அதக் கேக்காதிய” என்றார்.

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். பதினொன்றரை மணி வெயிலில் பாட்டில்கள் காலி. ரோட்டோரமாகவே ஓட்டு வீடு, சிவப்பு சிமென்ட் திண்ணை, திண்ணையில் பெரியவர் ஒருவர் தினசரி படித்துக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் தண்ணி கிடைக்குங்களா?”

“உக்காருங்க தம்பி. வெயில்ல வந்தவுடனே தண்ணி குடிக்கக் கூடாது.”

உட்கார்ந்தேன். திண்ணையின் குளிர்ச்சி டவுசரைத் தாண்டி ஏறியது. அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். வழக்கமான வரிசை ஆரம்பித்தது. ஆனால் இவர் வண்டி விலையைக் கேட்கவில்லை.

“கோயம்புத்தூர்ல எந்தப் பக்கம்?”

“பொள்ளாச்சி ரோட்டுப் பக்கமுங்க.”

“தோட்டம் தொரவு உண்டா?”

“தாத்தா காலத்துல இருந்துச்சுங்க.”

“அப்ப நீங்க…”

அந்த ‘நீங்க’வை இழுத்துவிட்டு நிறுத்தினார். தமிழ்நாட்டில் வளர்ந்தவருக்கு இந்த இடைவெளி தெரியும். நேராகக் கேட்டால் மரியாதை இல்லை என்பதால் இப்படிக் கேட்பார்கள். பதிலை நாமே கொண்டுவந்து அந்தக் குழியில் போட வேண்டும். இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை என்று பல வருஷத்துக்கு முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறேன். சொல்லவும் இல்லை. “எங்க பக்கம் எல்லாரும் கலந்துதான் இருக்கோமுங்க” என்று எதையோ உளறினேன்.

பெரியவர் சிரித்தார். “அதான் உங்க பேச்சே சொல்லுதே” என்று ஒரு சாதிப் பெயரை அவரே சொல்லி, அவரே தலையாட்டிக்கொண்டார். எந்த அடையாளத்தை வைத்து என்று தெரியவில்லை. தப்பான பெயர். உள்ளே பார்த்து, “மோர் கொண்டாம்மா, நம்ம மாதிரிதான்” என்றார்.

நான் திருத்தவில்லை. மோர் வந்தது. இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்ட, உப்பு அளவாக விழுந்த மோர். இரண்டு டம்ளர் குடித்தேன். நல்ல மோர், அதுதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது. பெரியவர் கெட்டவர் என்று எழுதிவிட்டுப் போனால் எனக்குச் சௌகரியம். ஆனால் கிளம்பும்போது இரண்டு பாட்டிலிலும் அவரே தண்ணீர் பிடித்துக் கொடுத்தார், வாசல் வரை வந்து, “பாலம் தாண்டி நெல்லு காயுது, பாத்துப் போங்க” என்றார். பாலம் தாண்டி நெல் காய்ந்துகொண்டுதான் இருந்தது.

தனியாக சைக்கிளில் போகிறவர்கள் எழுதும் பயணக் குறிப்புகளில் எல்லாம் “மக்கள் எவ்வளவு நல்லவர்கள்” என்று ஒரு வரி தவறாமல் வரும். நானும் எழுதியிருக்கிறேன். நல்லவர்கள்தான். ஆனால் அந்த நல்லதனம் உங்களைப் பார்த்தவுடன் சில கணக்குகள் போடுகிறது. ஆணாக இருப்பதால் எந்தத் திண்ணையிலும் நான் உட்கார்ந்துவிடுகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு பெண் இதே மாதிரி தனியாக ஓட்டுகிறவர். வாசலில் பெண்கள் இருக்கும் வீடாகப் பார்த்துத்தான் நிற்பேன், அதுவும் நாலு மணிக்கு மேல் யார் வீட்டுத் தண்ணீரும் வேண்டாம், லாட்ஜ் போய்ச் சேருவதுதான் வேலை என்பார். அவருடைய தமிழ்நாடும் என்னுடையதும் ஒரே தமிழ்நாடு இல்லை.

திருத்துறைப்பூண்டியில் சாப்பிட்டிருக்க வேண்டும். மோர் வயிற்றில் இருந்ததாலோ என்னவோ, வேதாரண்யம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு இளநீரோடு விட்டுவிட்டேன். தப்பு. மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று கிளம்பிவிட்டது. நேர் எதிர்க்காற்று. கடலூருக்குத் தெற்கே ஓட்டிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், இந்தப் பக்கத்தில் மலை இல்லாத குறையைக் காற்று தீர்த்துவைக்கும். மணிக்கு 20 கிலோமீட்டர் போய்க்கொண்டிருந்தவன் 11க்கு இறங்கினேன். கரியாப்பட்டினம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பின் சக்கரம் மெத்து மெத்தென்று ஆடியது. சீமைக்கருவேல முள். அரை விரல் நீளம்.

பஞ்சர் ஒட்டத் தெரியும். சாமான் எல்லாம் இருந்தது. ஆனால் கைப் பம்பின் குழாய் முந்தின நாள் தஞ்சாவூரிலேயே வெடித்துவிட்டது. கும்பகோணத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்து, காபி குடித்த சுகத்தில் மறந்துபோனேன். தள்ளிக்கொண்டு நடந்தேன். மணி இரண்டே முக்கால். மரத்தில் சோற்றுப் பொட்டலம் தொங்குகிறதா என்று அண்ணாந்து பார்த்தேன் என்று எழுதினால் கதை விடுகிறேன் என்பீர்கள். நிஜமாகவே பார்த்தேன். பசி அப்படி.

ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெரு முனையில் குழாயடி. நைட்டி மேல் துண்டு போட்ட ஐம்பது வயசுக்கார அம்மா ஒருவர் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

“பஞ்சரா தம்பி?”

“ஆமாங்க. கடை எதும் பக்கத்துல இருக்குங்களா?”

“கொழுந்தன் மவன் வச்சிருக்கான். போன் போட்டா வந்துருவான். உள்ள வந்து நெழல்ல நில்லுங்க.”

போனேன். தொகுப்பு வீடு. வாசலுக்கு நீலத் தார்ப்பாயில் ஒரு இறக்கம். வெயில் தின்று வெளுத்த தார்ப்பாய், நாலு இடத்தில் தைத்திருந்தது. அவர் குடத்தை இறக்கிவிட்டு, சொம்பைக் கையில் எடுத்து, அப்படியே நின்றார்.

“எங்க வீட்டுல தண்ணி குடிப்பியளா?”

கடலோரம், நிலத்தடி நீர் உப்புக் கரிக்கும், அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். “உப்பா இருந்தாலும் பரவாயில்லைங்க” என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. “தண்ணியச் சொல்லல தம்பி.”

எனக்குப் புரிய இன்னும் இரண்டு நொடி ஆனது. புரிந்ததும் காது மடல் சுட்டது. காலையில் ஒருவர் என்னிடம் கேட்ட அதே கேள்விதான். அங்கே கொடுக்கிறவர், வாங்குகிறவன் யார் என்று தெரிந்துகொள்ளக் கேட்டார். இங்கே கொடுக்கிறவர் தன்னையே எடுத்துச் சொல்லிவிட்டு, வேண்டாம் என்று சொல்ல எனக்கு வழியும் விட்டுவிட்டுக் கேட்டார். இத்தனை வயசில் எத்தனை பேர் அந்த வழியாகப் போயிருந்தால் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு இப்படி நிற்கத் தோன்றும்?

சொம்பை வாங்கிக் குடித்தேன். தண்ணீர் உப்பாகவும் இல்லை.

“சாப்பிட்டியளா?” என்றதற்கு “ஆச்சுங்க” என்று என் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. தட்டில் சோறு, நெத்திலிக் கருவாடும் கத்தரிக்காயும் போட்ட குழம்பு. காலையில் வைத்த குழம்பு நன்றாக ஊறி, எண்ணெய் மேலே நின்றது. வெயிலில் 80 கிலோமீட்டர் மிதித்துவிட்டு அதைச் சாப்பிட்டவன் அந்தக் குழம்பைப் பற்றி நடுநிலையாக எழுத முடியாது. விட்டுவிடுகிறேன்.

பையன் வந்துவிட்டான். இருபத்திரண்டு வயசு இருக்கும். அவன் வண்டியின் பின் சீட்டில் ஒரு கால்மிதி பம்பு, ஒரு சாக்கில் சாமான். சக்கரத்தைக் கழற்றி, டியூபை உருவி, சட்டியில் முக்கி, குமிழி வந்த இடத்தில் பால்பாயின்ட் பேனாவால் வட்டம் போட்டான். உப்புத்தாளால் தேய்த்தான். சொல்யூஷன் தடவி, வாயால் ஊதி, ஒட்டு வைத்து, சுத்தியல் பிடியால் அமுக்கினான். அதுவரை எல்லாம் அவனுக்குத் தெரிந்த வேலை. பிறகு வால்வைப் பார்த்தான்.

என் வண்டியில் இருப்பது பிரெஸ்டா வால்வு. பென்சில் மாதிரி மெலிசாக, நுனியில் ஒரு குட்டித் திருகோடு இருக்கும். ஊர்ப்பக்கத்துப் பம்பு பெரும்பாலும் இதில் உட்காராது. இதற்கென்று சின்னப் பித்தளைத் துண்டு ஒன்று உண்டு. அதுவும் அந்த உடைந்த பம்போடு போயிருந்தது.

“இது என்னண்ணே, ஊசி கணக்கா இருக்கு?” என்றான். இரண்டு முறை பம்பை வைத்துப் பார்த்தான். காற்றெல்லாம் வெளியே போனது. கொஞ்ச நேரம் வால்வின் பிளாஸ்டிக் மூடியை விரலில் உருட்டிக்கொண்டே இருந்தான். பிறகு பிளேடை எடுத்து மூடியின் நுனியைச் சீவினான். இரண்டு பக்கமும் திறந்த சின்ன உருளை ஆனது. அதைத் தலைகீழாக வால்வில் திருகி, மேலே பம்பை வைத்து அடித்தான். ஏறியது. உலகத்தில் வேறு சில சைக்கிள்காரர்களும் செய்கிற தந்திரம்தான் என்று பிறகு படித்தேன். அவன் எங்கேயும் படிக்கவில்லை. என் கண் முன்னால் ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்தான்.

அவன் மிதித்துக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா கேட்டார்: “நீங்க கோயம்புத்தூரா? பேச்சு அப்புடித்தான் இருக்கு.”

“ஆமாங்க.”

“கஜா வந்தப்ப கோயம்புத்தூர்லேருந்து ஒரு லாரி வந்துச்சு.”

2018 நவம்பர் 16, விடிவதற்கு முன்னால் கஜா புயல் கரை ஏறியது இந்த வேதாரண்யம் பக்கம்தான். தென்னைகள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதப் பார்க்கிறேன்.

“கூரை பறந்து எங்க உழுந்துச்சுன்னே தெரியல. இஸ்கூல்ல கெடந்தோம். அரிசி லாரி எல்லாம் வந்துச்சு, இல்லன்னு சொல்லல. எல்லாம் மெயின் ரோட்டுலயே நின்னுரும். அங்கயே தீந்துரும். எங்க தெருவுக்கு உள்ள வராது. ஒரு லாரி மட்டும் வந்துச்சு. சின்னச் சின்ன பயலுவ. ரோட்டுல கெடந்த மரத்த அவுங்களே அறுத்துத் தள்ளிட்டு உள்ள வந்தானுவ. அரிசி, போர்வ, மெழுகுவத்தி, இந்தத் தார்ப்பாயி. எல்லாம் எறக்கிட்டு, இதே எடத்துல உக்காந்து கஞ்சி குடிச்சானுவ. கேக்காமயே வாங்கிக் குடிச்சானுவ.”

கடைசி வரியைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. குழம்புச் சட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டார்.

எனக்கு அந்த லாரியோடு ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த நவம்பரில் எங்கள் ஆபீசில் கஜா நிதி என்று ஒரு உண்டியல் டேபிள் டேபிளாக வந்தது. சம்பளம் வரட்டும் என்று சொல்லி அடுத்த டேபிளுக்குத் தள்ளிவிட்டேன். சம்பளம் வந்தது. உண்டியல் ஞாபகம் வரவில்லை. இதை அந்த அம்மாவிடமாவது சொல்லியிருக்கலாம். மோர் வீட்டில் திருத்தாத வாய் இங்கேயும் திறக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

கிளம்பும்போது பையனிடம் 200 ரூபாய்த் தாளை நீட்டினேன். “பஞ்சருக்கு அம்பதுண்ணே” என்று மீதியை எண்ணிக் கொடுத்தான். அந்த அம்மாவிடம் பணம் என்று பேச்செடுக்கவே முடியவில்லை. “போற வழியில கோடியக்கரையில மான் பாத்துட்டுப் போங்க” என்றார், அவருடைய வீட்டு மான்கள் மாதிரி.

மீதி தூரம் முழுக்க எதிர்க்காற்று. தோப்புத்துறைக்குள் நுழையும்போது விளக்குப் போட்டுவிட்டார்கள். வேதாரண்யத்தில் லாட்ஜ் எடுத்து, குளித்து, வழக்கம்போல் செலவு நோட்டைத் திறந்தேன். பத்து வருஷப் பழக்கம். காபி 25, இட்லி வடை 60, இளநீர் 40, பஞ்சர் 50, லாட்ஜ் 600, ராத்திரி பரோட்டா 70. வாழைப்பழம், மோர், கருவாட்டுச் சோறு மூன்றுக்கும் எழுதத் தொகை எதுவும் இல்லை. அடுத்த நாள் காலையில் அகஸ்தியம்பள்ளி போய் உப்பு சத்தியாக்கிரக ஸ்தூபியைப் பார்த்தேன், மானும் பார்த்தேன். அது வேறு பதிவு.

இதைப் படிக்கிற கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். 2018 நவம்பரில் கரியாப்பட்டினம் பக்கம் ஒரு உள் தெருவுக்கு, மரத்தை அறுத்துத் தள்ளிவிட்டு லாரியைக் கொண்டுபோனது நீங்களோ உங்கள் நண்பர்களோ என்றால், எனக்கு ஒரு வரி எழுதுங்கள். உங்கள் கணக்கில் ஒரு சாப்பாடு சாப்பிட்டுவிட்டேன். தார்ப்பாய் இன்னும் தாங்குகிறது.